மேற்கு யன்னல் வந்து தங்கிய குளிர்காலம்

அந்த வருடம் சூரியன் மலைக்கு மேலால் கடைசியாக ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு இரண்டு மாதத்துக்கு விடைபெற்றுப் போன மறுநாள் காலை, நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன்பிடித் துறைமுக ஊரில், தொடர்மாடிக் கட்டடமொன்றின் மூன்றாம் மாடியில் தனியாகக் குடியிருந்த தவமலர், தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்துவிட்டு இருப்பறைக்கு வந்து விளக்கைப் போட்டபோது, நேற்றுவரை ஒரு கலண்டர் மட்டும் தொங்கிய சுவரில், உடுப்பிட்டியில் அவளுடைய அப்பா கட்டிய வீட்டின் மேற்குப் பக்க யன்னல், பச்சைப் பெயின்ற் உரிந்த இரட்டைக் கதவும் ஐந்து இரும்புக் கம்பியும் வளைந்த கொளுக்கியுமாக வந்து பொருந்தி நின்றது.

தவமலர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கலண்டரைத் தேடினாள், யாரோ கழற்றி வைத்ததுபோல அது பக்கத்துக் கதிரையில் ஒழுங்காகக் கிடந்தது. கேத்தில் கூவிய சத்தத்துக்குக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து, யன்னலுக்கு முன்னால் அமர்ந்து, முதல் மிடறு உள்ளே இறங்கியபோது அவளுக்கு வந்தது ஆச்சரியமல்ல, கோபம். இத்தனை நாளும் யன்னலைக் காணவில்லை, எனக்குத் தெரியாது என்று சத்தியம் பண்ணிய குணநாயகம், ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல் இதை இங்கே அனுப்பியிருக்கிறாரே என்ற கோபம்.

குணநாயகம் உடுப்பிட்டிப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரரின் வீடுகளைத் திருத்திக் கொடுக்கிற கொன்ராக்டர். ஐம்பது வயது மனிதர். சட்டைப் பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும். எதைக் கேட்டாலும் முதலில் "ஓமக்கா" என்பார், பிறகு தனக்குச் சரியென்று பட்டதைச் செய்வார். ஷெல் விழுந்து கூரையின் ஒரு மூலை போய், இடம்பெயர்ந்து வந்த மூன்று குடும்பங்கள் மாறி மாறி இருந்து, பிறகு ஒருவருமில்லாமல் பத்து வருடம் பூட்டிக் கிடந்த அந்த வீட்டைத் தவமலர் அவரிடம்தான் ஒப்படைத்திருந்தாள். முப்பத்துநாலு வருடம் மீன் தொழிற்சாலையில் நின்று கொட் மீனைத் துண்டு போட்ட கைகள் ஓய்வு கேட்கத் தொடங்கியிருந்தன. புருஷன் சோதிலிங்கம் இறந்து ஆறு வருடம். மகன் ஒஸ்லோவில் தன் குடும்பத்தோடு, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குரலாக இருந்தான். கடைசிக் காலத்தில் போய் இருக்க ஒரு வீடு வேண்டும் என்று நினைத்தாள்.

ஒன்பது மாதமாக வீடியோவிலேயே வேலை நடந்தது. சிவப்புச் சீமெந்துத் தரை அப்படியே இருக்கட்டும் என்றாள். முகம் தெரிகிற வெள்ளை மாபிள் போட்டுவிட்டுப் படம் அனுப்பினார். குளியலறைக் கதவைப் பின்பக்கம் வைக்கச் சொன்னாள். அது நடு அறைக்குள் திறந்தது. இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தவள், ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தாள். "தம்பி, வீட்டிலை எதை வேணுமெண்டாலும் மாத்துங்கோ, ஒழுங்கைப் பக்கத்து யன்னலை மட்டும் தொடாதேங்கோ" என்று, சின்னத் தெருவைப் பார்த்த அந்த மேற்கு யன்னலைப் பற்றி மூன்று தரம் சொல்லியிருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. எண்பத்தொன்பதாம் ஆண்டு ஒரு காலையில், வெளிநாடு போக அவளை ஏற்றிக்கொண்டு வான் புறப்பட்டபோது அம்மா வாசலுக்கு வரவில்லை. வாசலில் நின்று அழுதால் போகிறவளுக்குக் கூடாது என்று அந்த யன்னலுக்குள் நின்று, கம்பிக்கு வெளியே ஒரு கையை மட்டும் நீட்டினாள். அதன் பிறகு தவமலர் அம்மாவைக் காணவில்லை. பாதைகள் பூட்டியிருந்த காலமொன்றில் அம்மா இறந்த செய்தி பதினேழு நாள் கழித்துக் கடிதத்தில் வந்தது.

குணநாயகம் "ஓமக்கா" என்றார். ஐப்பசி மாதம் அந்த யன்னலைப் பிடுங்கி எடுத்துவிட்டு, அலுமினிய யன்னலொன்றைக் கொண்டுவந்து வைத்துப் படம் அனுப்பினார். பழைய யன்னல் எங்கே என்று கேட்டதற்குக் கிணற்றடியில் சாத்தி வைத்தேன் என்றார். எடுத்துக் காட்டுங்கள் என்றதற்கு அடுத்த நாள், காணவில்லை என்றார். முதிரை மரத்தில் செய்த யன்னல், நல்ல விலைக்கு விற்றிருப்பார் என்று தவமலர் முடிவு கட்டி, லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று ஊர்ச் சனம் எல்லாம் இருக்கிற வைபர் குழுவில், அவரைக் கள்ளன் என்று ஆறு நிமிடம் நீளமான குரல் பதிவொன்று போட்டாள். வேலையை நிறுத்தச் சொன்னாள். அலுமினிய யன்னலும் அந்த இடத்தில் தங்கவில்லை. மூன்று தரம் பூட்டியும் மூன்று தரமும் கழன்று விழுந்ததால், குணநாயகம் ஓட்டையை ஒரு தகரத்தால் மறைத்து வைத்திருந்தார்.

இப்போது அவருக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி, அனுப்புறதெண்டால் சொல்லிப்போட்டெல்லோ அனுப்ப வேணும்? ஆளில்லாத நேரம் சுவரிலை பூட்டிப்போட்டுப் போறதே?"

"என்னத்தை அக்கா அனுப்பினது? நான் ஒண்டும் அனுப்பேல்லை. நான் உங்கடை வீட்டு ஒழுங்கையிலைதான் நிக்கிறன்."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ. யன்னல் என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்குது."

"எந்த யன்னல்?"

அவருடைய குரல் இரண்டு தரம் கேட்டது. ஒருதரம் காதுக்குள், இன்னொருதரம், கொஞ்சம் பிந்தி, பச்சைக் கதவுக்கு அப்பால். தவமலர் தொலைபேசியை மேசையில் வைத்தாள். கொளுக்கியை நிமிர்த்தி இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளினாள். தகரம் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. மதிய வெயில் ஒரு பாத்திரம் கவிழ்ந்ததுபோல அறைக்குள் கொட்டியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது, உடுப்பிட்டி ஒழுங்கையும், பனையோலை வேலியும், வேலிக்கு மேலால் முருங்கையும் தெரிந்தன; முருங்கைக்குக் கீழே ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு காதில் தொலைபேசியோடு குணநாயகம் நின்றார்.

அவர் அவளைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, முதல் வேலையாகச் சொன்னார்:

"பாத்தியளே அக்கா, நான் விக்கேல்லை."

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் கம்பிக்கு இருபக்கமும் நின்று ஒன்றரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். மாபிளைப் பற்றி, குளியலறைக் கதவைப் பற்றி, சொன்ன சொல்லை மீறியதைப் பற்றி. தவமலருக்கு ஒன்பது மாதமாக வீடியோ தடக்கித் தடக்கி விழுங்கிய கோபமெல்லாம் தெளிவாக, முகத்துக்கு நேரே, வியர்வை தெரிகிற தூரத்தில் வந்தது. ஏன் பிடுங்கினீர்கள் என்று அவள் பத்தாவது தரம் கேட்டபோது, அவர் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னார். "எல்லா யன்னலையும் ஒரே அளவிலை ஓடர் குடுத்தால் எனக்குச் சுகம் அக்கா. இது ஒண்டு மட்டும் வேறை அளவு."

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக் கனகாம்பிகை வந்தாள். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"என்னடி தவம், எப்ப வந்தனீ?"

"நான் வரேல்லையடி. நோர்வேயிலைதான் நிக்கிறன்."

"அதுதானே பாத்தன், வந்தால் சொல்லியிருப்பாய்" என்ற கனகாம்பிகை, தோளைக் குறுக்கிக்கொண்டு, "சரியான குளிராக் கிடக்கு, ஒரு பக்கக் கதவைச் சாத்து" என்றுவிட்டு, உலையில் அரிசி கிடப்பது ஞாபகம் வந்து போய்விட்டாள்.

அப்படித்தான் அந்த யன்னல் இரண்டு ஊருக்கும் பொதுவாகியது. ஒழுங்கையில் நின்று பார்த்தால் பச்சைக் கதவும், கதவுக்குப் பின்னால் கம்பளம் விரித்த ஒரு நோர்வே அறையும் தெரிந்தன. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் வெறும் ஓட்டையும் ஓட்டைக்கு வெளியே ஒழுங்கையும்தான். இதை ஒருமுறை சுற்றிவந்து சரிபார்த்துவிட்டு, ஊர்ச் சனம் அடுத்த விஷயத்துக்குப் போனது. மாரி மழைக்கு நடுவே வெயில் எரிக்கிற மத்தியானங்களில் வயதானவர்கள் கதிரை கொண்டுவந்து யன்னலடியில் குளிர்காற்றுக்கு இருந்தார்கள். மீன் விற்கிற அந்தோனி, வேறெங்கும் நிற்காமல், சைக்கிள் பெட்டியை அந்தக் குளிர் படுகிற இடத்தில் நிறுத்தி விற்கப் பழகினார். சனம் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, யன்னலுக்கு நேரே பிடித்து, "தவம், இது இண்டையானோ?" என்று கேட்கத் தொடங்கியது. தவமலர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவாள். நேற்றைய மீனென்று அவள் சொன்னால் அந்தோனி மறுத்துப் பேசுவதில்லை. விலையைக் குறைத்துவிட்டு, "முப்பத்துநாலு வருஷம் வெட்டின ஆளோடை என்னண்டு கதைக்கிறது" என்பார்.

இந்தப் பக்கத்தில் முதலில் வந்தவர் ஹால்வார். இரண்டாம் மாடியில் தனியே இருக்கிற, எழுபத்தெட்டு வயது, வள்ளம் ஓட்டி ஓய்ந்த மனிதர். பத்தொன்பது வருடமாகப் படிக்கட்டில் தலையை ஆட்டியதைத் தவிர அவர் தவமலரோடு பேசியதில்லை. பகலும் இருட்டாக, மத்தியானத்தில் மட்டும் வானம் கொஞ்சம் நீலம் காட்டிவிட்டு மறுபடி மூடுகிற அந்த நாட்களில், மேல்வீட்டுக் கதவிடுக்கால் மஞ்சள் வெளிச்சம் படிக்கட்டில் இறங்குவதைக் கண்டு ஏறி வந்து மணியை அடித்தார். உள்ளே வந்தார். வெயில் கம்பளத்தின் மேல் ஐந்து கம்பி நிழலோடு விழுந்து கிடந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் சப்பாத்தைக் கழற்றி, காலுறையைக் கழற்றி, வெள்ளைப் பாதங்கள் இரண்டையும் அந்த வெயிலுக்குள் வைத்தார்.

பாதங்கள் சூடேறிய பிறகு, "உன் பெயர் என்ன?" என்று கேட்டார். "இத்தனை வருஷமாக உன் சமையல் வாசனைதான் எனக்குத் தெரியும்."

"தவமலர்."

அதை அவர் நாலு தரம் சொல்லிப் பார்த்துப் பிழைவிட்டு, ஐந்தாம் தரம் சரியாகச் சொன்னார்.

மறுநாள் ஹால்வார் கதிரையோடு வந்தார். அடுத்த நாள் முதலாம் மாடித் தம்பதி வந்தார்கள். பிறகு துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள், நூலகத்துப் பெண், பூச்சட்டிகளைத் தூக்கிக்கொண்டு யார் யாரோ. உடுப்பிட்டியில் நண்பகல் ஆகும்போது இங்கே காலை ஏழரை. அங்கே பொழுது சாயும்போது இங்கே பகல் ஒன்றரை. இடைப்பட்ட ஆறு மணித்தியாலமும் தவமலரின் இருப்பறை நிறைந்து வழிந்தது. பாலர் பாடசாலைப் பிள்ளைகளை ஆறு ஆறு பேராகக் கூட்டிவந்து வெயிலில் நிறுத்திக்கொண்டு போனார்கள். அனுமதியில்லாமல் ஒரு யன்னல் வைக்கப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டுக் குடியிருப்போர் சங்கத் தலைவி வந்து, வெளியே பனியில் இறங்கிக் கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து, வெளிச்சுவரில் ஒன்றும் இல்லையென்று கண்டு, இப்படி எழுதிக் கொடுத்தார்: "யன்னல் எங்கள் கட்டடத்துக்கு வெளியே திறக்கவில்லை. ஆகவே சங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை. மழை நாட்களில் மூடி வைக்கவும்." எழுதி முடித்துவிட்டு அவரும் சப்பாத்தைக் கழற்றினார்.

தவமலர் பெரிய பானையில் தேத்தண்ணி வைத்தாள். கனகாம்பிகை கம்பிக்கு ஊடாகக் கறிவேப்பிலை தந்தாள், முருங்கைக்காய் தந்தாள். நூலகத்துப் பெண் பின்னிய கம்பளித் தொப்பியொன்று அந்தப் பக்கம் போய், ஒழுங்கையில் பனி விழுகிற காலைகளில் அந்தோனியின் தலையில் இருந்தது. சோதிலிங்கம் செத்த வீட்டுக்குக்கூட இத்தனை பேர் இந்த அறைக்கு வரவில்லையே என்று தவமலர் ஒருநாள் கோப்பைகளைக் கழுவும்போது நினைத்தாள்.

குணநாயகத்தோடு சண்டை மட்டும் ஓயவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் வந்து ஸ்கூட்டரை நிறுத்தினார். ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்றைப் பற்றி அவர்கள் வாதாடினார்கள். ஹால்வாருக்கு மொழி விளங்காவிட்டாலும் யார் பக்கம் நியாயம் என்று ஒவ்வொரு நாளும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. ஆனால் டிசம்பர் பிறந்து ஒரு கிழமைக்குள் குணநாயகம் வருவது குறைந்தது. ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"உங்கடை கொன்ராக்டரின்ரை ஸ்கூட்டர் எங்கை?" என்று தவமலர் கனகாம்பிகையிடம் கேட்டாள்.

கனகாம்பிகை முருங்கையிலையை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். "வித்திட்டார். உனக்குத் தெரியாதே? நீ வைபரிலை கதைச்ச பிறகு மூண்டு வீட்டு வேலை அவரை விட்டுப் போட்டுது. லண்டன்காரர் வீட்டைப் பூட்டி, திறப்பைத் திருப்பி வாங்கிப்போட்டினம். அவரின்ரை மனுசி கோயிலுக்கும் வாறேல்லை. கள்ளன்ரை பெண்சாதி எண்டு ஆரோ கேக்கச் சொன்னதாம்."

"அந்தாள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

"என்னெண்டு சொல்லுவார், நீ மாபிளைப் பற்றியெல்லோ கேட்டுக்கொண்டிருக்கிறாய்."

தவமலர் யன்னலை விட்டு விலகி வந்து சோபாவில் இருந்தாள். சுற்றிவர வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு இருந்த சனத்தைப் பார்த்தாள். யன்னல் இங்கே வந்து நின்ற முதல் நிமிடமே அந்த மனிதர் களவெடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதன் பிறகு பத்தொன்பது நாளாக, அவள் அந்த வெயிலில் குளித்தாள், மீன் பார்த்தாள், தேத்தண்ணி ஊற்றினாள். ஒரு வார்த்தையைத் திருப்பி எடுக்க மட்டும் நேரம் இருக்கவில்லை.

அடுத்த நாள் குணநாயகம் வந்தபோது, ஒழுங்கையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "தம்பி, உங்களைக் கள்ளன் எண்டு சொன்னது பிழை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

குணநாயகம் கம்பிக்குக் கிட்ட வந்தார். அவர் குரல் உயரவில்லை. "அக்கா, இப்ப நீங்கள் சொன்னது இஞ்சை நிக்கிற பத்துப் பேருக்குக் கேட்டது. அண்டைக்குச் சொன்னது நாலு நாட்டிலை கேட்டது."

அவள் அங்கேயே, அவர் பார்த்துக்கொண்டிருக்கத் தொலைபேசியை எடுத்து, யன்னலையும் ஒழுங்கையையும் அவரையும் படம் பிடித்து, குழுவில் போட்டுப் பேசினாள். யன்னலை அவர் விற்கவில்லை, அது என்னிடம் வந்து நிற்கிறது, விசாரிக்காமல் ஒரு மனிதனின் பெயரைக் கெடுத்தது நான், கோயிலில் கதைத்தவர்களும் அந்த மனுசியிடம் போய்க் கதைக்க வேண்டும் என்று சொன்னாள். ஆறு நிமிடம் பேசிய பொய்க்கு ஒன்பது நிமிடம் உண்மை தேவைப்பட்டது. கொஞ்ச நேரத்தில் பதில்கள் வந்தன. யன்னல் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ரொறன்ரோவிலிருந்து ஒரு வயதானவர் மட்டும், தன்னுடைய கொடிகாமத்து வீட்டின் முன்கதவு இன்னும் வரவில்லை, எத்தனை வருடம் பொறுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

மூன்றில் இரண்டு வேலை திரும்பி வந்தது. மூன்றாவது வரவேயில்லை. அதைப் பற்றிக் குணநாயகம் பிறகு பேசவில்லை. தவமலராலும் அதை மறக்க முடியவில்லை.

டிசம்பர் கடைசியில், ஒருநாள் அவர் சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "அக்கா, ஒரு சண்டையில்லாத கதை. சுவர் வெடிக்குது."

யன்னல் நிலைக்கும் உடுப்பிட்டிச் சுவருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது. அதற்குள் அவர் சீமெந்தை அப்பிப் பார்த்தார். அப்பியதெல்லாம் தவமலரின் கம்பளத்தில் வந்து விழுந்தது. மேலேயிருந்து இறங்குகிற கூரைப் பாரத்தைத் தாங்க அந்த இடத்தில் ஒன்றுமில்லை. வெடிப்பு மூலையிலிருந்து கூரை வரை ஏறியிருந்தது.

"நிலை திரும்பி வந்தால்தான் சுவர் நிக்கும். இல்லாட்டி அடுத்த மழைக்கு அந்தப் பக்கம் முழுக்க விழும். வீடா யன்னலா எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்."

தவமலர் திரும்பிப் பார்த்தாள். பதினேழு கதிரை. ஒரு தாய் தன் கைக்குழந்தையின் சட்டையைக் கழற்றி, வெயிலில் மடியில் கிடத்தியிருந்தாள். ஹால்வார் வாயைத் திறந்துகொண்டு நித்திரை.

"இஞ்சை சூரியன் வர இன்னும் மூண்டு கிழமை கிடக்கு தம்பி" என்றாள். "இந்தச் சனத்தை நான் இருட்டிலை விடேலாது. அதுவரைக்கும் தாங்குமோ?"

குணநாயகம் கம்பிக்கு ஊடாக எட்டிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் அந்த அறையிலிருந்த ஒவ்வொருவரையும் பார்த்தார். "ஓமக்கா" என்றார். இந்தமுறை சொன்னதைச் செய்தார். நாலு பனங்குத்திகளைக் கொண்டுவந்து சுவருக்கு முண்டு கொடுத்தார். மழை இருட்டிய ஒவ்வொரு நாளும் தார்ப்பாயோடு வந்து காவலிருந்தார். பொங்கலன்று கனகாம்பிகை ஒழுங்கையிலேயே பானை வைத்தாள்; சர்க்கரை போட்டுப் பொங்கிய புக்கை கம்பிக்கு ஊடாகக் கிண்ணம் கிண்ணமாக வந்தது; சூரியனுக்கு நன்றி சொல்கிற நாள் என்று தவமலர் விளக்கியபோது, அந்த அறையில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

தை மாதம் ஆறாம் நாள் சூரியன் வருவதாகக் கணக்கு. முதல் வெயிலைப் பார்க்க ஊர்ச் சனம் முழுவதும் மலையடிவாரத்துக்குப் போய்விட்டது. ஹால்வார் போகவில்லை. பாரை, சுத்தியல், ஒரு கயிறு எல்லாவற்றோடும் மேலே வந்தார். அந்தப் பக்கம் குணநாயகமும் இரண்டு மேசன்மாரும் நின்றார்கள். அங்கே பின்னேரம் நாலரை, இங்கே நண்பகல். "மெல்ல, இடப்பக்கம் முதலிலை" என்று குணநாயகம் சொல்ல, தவமலர் அதை நோர்வேஜிய மொழியில் சொல்ல, ஹால்வார் தலையை ஆட்டிவிட்டுத் தன் பாட்டில் வலப்பக்கம் முதலில் நெம்பினார். அதுவே சரியாக இருந்தது.

நிலை அசைந்தபோது, துறைமுகப் பக்கம் பார்த்த மற்ற யன்னலால் அந்த வருடத்தின் முதல் வெயில் வந்தது. மெல்லிய, தேத்தண்ணியில் பால் கலந்த நிறத்தில், சுவரின் ஒரு மூலையைத் தொட்டு இறங்கியது. மற்றப் பக்கம் உடுப்பிட்டியின் பொழுது சாய்கிற வெயில், தடித்த மஞ்சளாக. இரண்டும் கம்பளத்தின் நடுவில் வந்து ஒன்றையொன்று தொட்டன. ஹால்வார் பாரையை இறக்கிவிட்டார். தவமலர் கம்பிக்கு வெளியே தன் கையை நீட்டினாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. கனகாம்பிகை வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

பிறகு தவமலர் கையை உள்ளே இழுத்து, கதவுகளைச் சாத்தி, கொளுக்கியைப் போட்டு, "எடுங்கோ" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தார்கள்; இந்தப் பக்கத்திலிருந்து ஹால்வார் தள்ளினார். யன்னல், ஒரு பெரிய பல்லுப் பிடுங்குவதுபோல, ஒருதரம் முனகிவிட்டுப் போனது. அது இருந்த சுவரில் தவமலர் கையை வைத்துப் பார்த்தாள். வழுவழுப்பாக, குளிராக இருந்தது. மேசையில் தொலைபேசி அடித்தது. "சுவர் பிடிச்சிட்டுது அக்கா" என்றது, ஒரே ஒரு தரம் கேட்ட குரல்.

அந்த ஊரில் இப்போதும் குளிர்காலம் வரும்போது வயதானவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். மூன்றாம் மாடியில் வெயில் வைத்திருந்த குளிர்காலம் என்பார்கள். அந்த வருடம் தன் பூச்செடி மார்கழியில் மொட்டு வைத்ததை ஒருத்தி சொல்வாள். கம்பிக்கு ஊடாக வந்த இனிப்புச் சோற்றின் பெயரை நினைவுபடுத்தப் பார்த்து எல்லோரும் தோற்பார்கள்.

தவமலர் சித்திரையில் உடுப்பிட்டிக்குப் போனாள். படலையைத் திறந்து, வெள்ளை மாபிளில் வழுக்காமல் மெல்ல நடந்து, மேற்கு யன்னலைத் திறந்தாள். ஒழுங்கை இருந்தது, முருங்கை இருந்தது. அதே பின்னேர வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அங்கே இப்போது ஹால்வார் கோப்பி ஊற்றிக்கொண்டிருப்பார் என்று நினைத்தாள். முப்பத்துநாலு வருடம் வீடு, வீடு என்று இந்தப் பக்கத்தை நினைத்தவளுக்கு, இதற்குள் வந்து நின்றுகொண்டு, ஒரு வெறும் சுவரையும் பதினேழு கதிரையையும் நினைத்துக் கண் கலங்குவது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. திரும்பிக் குசினிக்குள் போனாள். அங்கே நின்றுவிட்டாள்.

"குணநாயகம்! இது ஆருக்குக் கட்டின மேடை? எனக்கோ, தென்னை மரத்துக்கோ?"

அடுப்பு வைக்கிற மேடை அவளுடைய நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. குணநாயகம் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். "அளவு பாத்துத்தான் அக்கா கட்டினனான்."

"ஆரின்ரை அளவு?"

"உங்கடைதான். யன்னலுக்குள்ளாலை பாக்கேக்கை நீங்கள் நல்ல உயரமாத் தெரிஞ்சீங்கள்."

தவமலர் அவரைப் பார்த்தாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் ஒழுங்கையில் நின்று இவர் அண்ணாந்து பார்த்துத்தான் பேசியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. "இடிச்சுக் கட்டுங்கோ" என்றாள்.

"இடிக்கிறன். எத்தினை நாள் நிப்பியள்?"

"மூண்டு மாசம். திரும்பிற ரிக்கற்றும் போட்டாச்சு."

"மூண்டு மாசம் காணாது அக்கா." அவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "மாபிள் கிடக்கு, குளியலறைக் கதவு கிடக்கு, கிணத்துக்கட்டை நீங்கள் இன்னும் பாக்கவேயில்லை. இவ்வளவு நாளும் அவசர அவசரமாப் பிடிச்ச சண்டை. இப்ப வந்திட்டியள்தானே, இனி ஆறுதலாப் பிடிப்பம்."

தவமலர் விறாந்தையிலிருந்து இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளை இழுத்து வந்தாள். ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். மற்றதில் தான் இருந்தாள். சேலைத் தலைப்பால் முகத்து வியர்வையைத் துடைத்தாள்.

"இருங்கோ" என்றாள். "முதலிலை குளியலறைக் கதவு."